ரங்கநாதனின் அலமாரி

ஒரு சமூகம் எதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறது என்பது குறித்து நம்மிடையே நிறையப் பேச்சு உண்டு. எழுதி வைத்ததை அது எவ்விதம் தேடி எடுத்தது என்பது பற்றிப் பேச்சே இல்லை. இலக்கிய வரலாறு என்ற பெயரில் நமக்குக் கிடைப்பது நூல்களின் பட்டியல். அந்தப் பட்டியலுக்குள் ஒரு வாசகன் எந்த வழியாக நுழைந்தான், எங்கே தடுக்கி நின்றான், எது அவன் கைக்கு வராமலே போயிற்று என்பது யாருக்கும் ஒரு விஷயமாகப் படவில்லை. கணிப்பொறித் திரையில் ஒரு சிறு கட்டத்தில் இரண்டு சொற்களை இட்டுப் பதில் வாங்கிப் பழகிவிட்ட இந்நாளில், தேடல் என்பதே அந்தக் கட்டத்தோடு பிறந்தது என்கிற பாவனை வேறு சேர்ந்துகொண்டிருக்கிறது. கட்டத்துக்குப் பின்னால் ஓர் அடுக்கு இருக்கிறது. அடுக்குக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய தீர்மானம் இருக்கிறது. இந்தத் தீர்மானங்களுக்குத் தமிழில் ஒரு நீண்ட சரித்திரம் உண்டு என்பதும், அதன் மிக முக்கியமான கட்டம் சென்னையிலேயே நடந்தது என்பதும் நம் விமர்சகர்களின் பிரக்ஞைக்கு வராத விஷயங்கள்.

திவாகரத்திலிருந்து தொடங்கலாம். நமக்குக் கிடைத்துள்ள நிகண்டுகளில் பழையது அது. அதன் 12 தொகுதிகள் தெய்வப் பெயரில் தொடங்கி மக்கள், விலங்கு, மரம், இடம், பல்பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி என்று போகின்றன. பதினோராவது, ஒரு சொல்லுக்குப் பல பொருள். பன்னிரண்டாவது, எண்ணால் கூட்டப்பட்ட தொகைப் பெயர்கள். இதை அகராதியின் முன்னோடி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். அப்படிச் சொல்வது இரண்டையும் புரிந்துகொள்ளாததன் விளைவு. அகராதி, சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு பொருளைத் தேடுகிறவனுக்கு. நிகண்டின் முதல் பத்துத் தொகுதிகளோ பொருளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லைத் தேடுகிறவனுக்கு. யானைக்கு இன்னொரு பெயர் வேண்டும், தளை தட்டாமல் வேண்டும் என்று நிற்கிற கவிராயனுக்கு. அவன் யானையை எங்கே தேட வேண்டும் என்பதை அறிந்திருக்க வேண்டும். அதாவது உலகம் இன்ன வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது என்ற ஒரு படம் அவன் மனத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். தெய்வம் முதலில், மனிதன் அடுத்து, மரம் விலங்குக்குப் பின்னால் என்கிற வரிசை, தேடுவதற்கான வசதி மட்டுமில்லை. அது ஒரு தத்துவம். தேடுகிறவன் ஒவ்வொரு தடவையும் அந்தத் தத்துவத்தின் வழியாக நடந்து போய்த்தான் தன் சொல்லை எடுத்து வந்தான்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நிகண்டு புரட்டப்பட்ட நூல் அல்ல, ஒப்பிக்கப்பட்ட நூல். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பையன்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். ஏட்டுச் சுவடியில் பக்கம் திருப்பித் தேடுவது பெரும்பாடு. ஆகவே தேடுமிடம் மனமே. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறும் பதினோராம் தொகுதி எதுகை வரிசையில், இரண்டாம் எழுத்தைக் கொண்டு அமைந்திருப்பது இதனால்தான் என்று எனக்குப் படுகிறது. நமக்கு இது விசித்திரமான வரிசையாகத் தோன்றலாம். விருத்தத்தைச் சொல்லிப் பார்க்கிறவனுக்கு விசித்திரம் ஏதுமில்லை. அடிக்கு அடி ஒலிக்கிற அந்த இரண்டாம் எழுத்துதான் அவன் பிடித்து இழுக்கிற கயிறு. கண்ணுக்கு ஒரு வரிசை உண்டென்றால் காதுக்கும் ஒரு வரிசை உண்டு.

முதலெழுத்தை வைத்து அடுக்கும் முறை வெள்ளைக்காரப் பாதிரிகள் கொண்டுவந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். சிதம்பரம் ரேவண சித்தர் 1594லேயே அகராதி நிகண்டைச் செய்துவிட்டார். அகர வரிசையை அகரமுதலி முழுவதற்கும் செம்மையாகப் பிரயோகித்தவர் வீரமாமுனிவர் என்பது வேறு விஷயம். ஆனால் 1732ல் அவர் செய்த சதுரகராதியில் என்னைக் கவர்வது அகர வரிசை அல்ல. அதன் நான்கு பகுதிகள். பெயர், பொருள், தொகை, தொடை. சொல்லிலிருந்து பொருளுக்கு ஒரு வழி, பொருளிலிருந்து சொற்களுக்கு ஒரு வழி, எண்ணிக்கையிலிருந்து தொகைக்கு ஒரு வழி, ஓசையிலிருந்து எதுகைக்கு ஒரு வழி. ஒரே வீட்டுக்கு நான்கு வாசல். பழைய நிகண்டின் எந்தப் பழக்கத்தையும் அவர் மூடிவிடவில்லை. பின்னால் வந்த நம் பெரிய நோக்கு நூல்களில் இந்தத் தாராளம் இல்லை. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி, 1910ல் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது, தனி மனித உழைப்பின் அதிசயம். சென்னைப் பல்கலைக் கழகத்தின் தமிழ் லெக்ஸிகன், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், அதை எட்டிப் பிடிக்க இன்றுவரை வேறொன்றில்லை. இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான்.

லெக்ஸிகனின் முதல் பகுதிகள் வெளிவரத் தொடங்கிய அதே 1924ல், அதே பல்கலைக் கழகத்துக்கு ஒரு நூலகர் நியமிக்கப்படுகிறார். சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியர். அவர் கணிதம் படித்த கிறித்துவக் கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுன் நெரிசலில் இருந்தது. தாம்பரத்துக் காட்டுக்குள் அது போனது 1937ல். நூலகர் வேலை ரங்கநாதனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பேச்சுத் துணைகூட இல்லாத அந்த உத்தியோகத்தை விட்டு வகுப்பறைக்கே திரும்பிவிட முயன்றார். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து பிறகு முடிவு செய்யலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பி வைத்தார்கள். அங்கே ஒரு பெரிய கடையில் குழந்தைகளுக்கான மெக்கானோ விளையாட்டுச் சாமானை விற்றுக்கொண்டிருந்தார்கள். சில இரும்புப் பட்டைகள், சில திருகுகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டி வண்டி, பாலம், பளுதூக்கி என்று எது வேண்டுமானாலும் செய்யலாம். அவருடைய வகைப்பாட்டின் மூலச் சிந்தனை அங்கே பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அதுவரை உலகத்து நூலகங்களில் ஆட்சி செலுத்திய டூயியின் முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் அறை கட்டி எண் போட்டு வைத்திருப்பார்கள். புத்தகம் வந்து அந்த அறையில் குடியேற வேண்டும். புதிதாக ஒரு பொருள் தோன்றினால் இடமில்லை. ரங்கநாதன் அறைகளைக் கட்டவில்லை. பட்டைகளையும் திருகுகளையும் மட்டும் கொடுத்தார். எந்தப் பொருளுக்கும் சில முகங்கள் உண்டு. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு குறி. குறிகளைக் கோலன் என்ற முக்காற்புள்ளியால் கோத்தால் புத்தகத்தின் இடம் கிடைத்துவிடும். 1933ல் கோலன் வகைப்பாடு வெளிவந்தது. பின்னால் இந்த முகங்களை ஆளுமை, பொருண்மை, ஆற்றல், இடம், காலம் என்று ஐந்தாகக் குறைத்தார். தெய்வம், மக்கள் என்று தொடங்கிப் பண்பு, செயல், ஒலி என்று முடிகிற திவாகரத்தின் வரிசையை இதனோடு பொருத்திப் பார்க்கும் ஆசை எவருக்கும் வரும். அங்கிருந்துதான் ரங்கநாதன் எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் சீக்கிரமே வருவார்கள்.

நம்முடைய வட்டத்துக்கு ஸ்வாரஸ்யமாக இருக்கக்கூடியது அவர் இலக்கியத்தை அடுக்கிய விதம். இலக்கியம் முழுவதற்கும் ஆங்கில ஓ. தமிழுக்கு 31. கவிதைக்கு 1, நாடகத்துக்கு 2, புனைகதைக்கு 3. அதற்கு அடுத்தபடி வருவது ஆசிரியரின் பெயர் அல்ல. அவர் பிறந்த ஆண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் 1800களுக்கு எம், 1900களுக்கு என். ஆகவே பாரதி கவிதைகள் ஓ31,1எம்82. ந. பிச்சமூர்த்தியின் கவிதை ஓ31,1என்00. சிறுகதை அலமாரிக்கு வாருங்கள். கு. ப. ராஜகோபாலன் என்02. புதுமைப்பித்தன் என்06. மௌனி என்07. எந்த விமர்சகனும் கைவைக்காமலே மணிக்கொடித் தலைமுறை ஒரே பலகையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. எழுத்து வரிசையில் அடுக்கியிருந்தால் புதுமைப்பித்தன் ஒரு மூலையிலும் மௌனி இன்னொரு மூலையிலும். இன்னும் ஒரு வேடிக்கை. விமர்சனத்தில் ஜென்மப் பகை என்று நாம் பேசிப் பழகிய க. நா. சுப்ரமண்யமும் சி. சு. செல்லப்பாவும் பிறந்தது 1912லேயே. ரங்கநாதனின் பலகையில் இருவருக்கும் ஒரே எண். பிரித்துக் காட்ட இன்னொரு இலக்கம் சேர்க்க வேண்டும்.

இந்த அடுக்கு ஓர் இலக்கியக் கொள்கைதான். எழுத்தாளன் தன் காலத்தவன், தன் தலைமுறையோடு வைத்துப் பார்க்கப்பட வேண்டியவன் என்கிற கொள்கை. இதற்குப் பலி கொடுத்ததும் உண்டு. பிச்சமூர்த்தியின் கவிதை ஓரிடம், கதை ஓரிடம் என்று ஆளே இரண்டாகிறார். புத்தகம் பௌதிகப் பொருள், ஒரு சமயத்தில் ஓரிடத்தில்தான் நிற்கும். மற்ற முகங்களின் வழியாக வருகிறவனுக்கு அட்டவணை அட்டைகள் வழிகாட்ட வேண்டும். அதற்கும் அவர் சங்கிலிபோல் ஒரு முறை வகுத்தார். சென்னைப் பல்கலைக் கழக நூலகத்தில் வாசகனை அலமாரி வரை அனுமதித்ததும் அவரே. அதுவரை சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வாசலில் காத்திருக்க வேண்டியிருந்தது. என்ன வேண்டும் என்று தெரிந்தவன் சீட்டு எழுதலாம். தெரியாதவன்? அவன் அலமாரிக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். தேடி வந்த புத்தகத்துக்கு இரண்டு புத்தகம் தள்ளி அவன் தேடாத, ஆனால் அவனுக்கென்றே எழுதப்பட்ட புத்தகம் இருக்கும். 1931ல் வெளியான அவருடைய ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகன் என்பது. இரண்டாவது விதியான ஒவ்வொரு வாசகனுக்கும் அவன் நூல் என்பதைத் திருப்பிப் போட்டதுபோல் தோன்றும். இல்லை. அங்கே வாசகன் தேடுகிறான், இங்கே நூல் தேடுகிறது.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் அதே 1931ல்தான். தெற்கேயிருந்த கிராமங்கள் ஸ்டேஷன்களாகவும் ஸ்டேஷன்கள் புறநகர்களாகவும் ஆயின. இப்புறநகர்களின் வாசகன் பல்கலைக் கழக அலமாரியை எந்நாளும் கண்டதில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம், 1948ல், ரங்கநாதனின் தூண்டுதலாலும் அவினாசிலிங்கம் கல்வி மந்திரியாக இருந்ததாலும் சென்னை மாகாணத்தில் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டினோம். அங்கங்கே கிளை நூலகங்கள் வந்தன. கணித மேதையின் அடுக்கு வரவில்லை. முக்காற்புள்ளியும் எழுத்தும் எண்ணும் கலந்த அந்தக் குறியீட்டை வாசகன் படிக்க முடியாது என்பதும் உண்மை. ரங்கநாதன் தமக்கே தெரிந்த கலைச்சொற்களை மேலும் மேலும் உற்பத்தி செய்துகொண்டு போனார் என்பதும் உண்மை. 1972ல் அவர் பெங்களூரில் இறந்தபோது தமிழ் எழுத்துலகுக்கு அவர் ஒரு பட்டம் பெற்ற அதிகாரியாக மட்டுமே தெரிந்திருந்தார்.

அவருடைய மூன்றாவது விதியைத் தமிழில் நடத்திக் காட்டியவர் செல்லப்பா. அவர் அதைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. 1959லிருந்து 1970 வரை ‘எழுத்து’ நடத்தினார். தான் பதிப்பித்த நூல்களை மூட்டை கட்டிச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனார். நூல் தன் வாசகனைத் தேடிப் போவதை இதைவிட ஸ்தூலமாகக் காட்ட முடியாது. மற்றவர்களுக்கு மூர் மார்க்கெட் இருந்தது. தாம்பரத்தில் ரயிலேறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் எந்த வகைப்பாட்டுக்கும் கட்டுப்படாத குவியல். 1985 மே மாதம் அது எரிந்து போனது. அப்புறம் சிறு பத்திரிகைகளின் கடைசிப் பக்கத்தில் ‘வரப்பெற்றோம்’ என்று ஒரு பகுதி. பத்திரிகையின் பெயர், ஆசிரியர், முகவரி, சந்தா. இன்றைக்கு இணையத்தில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவ வைத்திருக்கும் தொடுப்புகள் செய்கிற காரியத்தை அந்தக் கால் பக்கம் செய்தது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று வரும். மணியார்டர் அனுப்ப வேண்டும், அவ்வளவே.

இணையமும் முதலில் நிகண்டாகத்தான் இருந்தது என்பது பலருக்கு மறந்துவிட்டது. 1994ல் தொடங்கிய யாஹூ மனிதர்கள் உட்கார்ந்து தொகுதி தொகுதியாகப் பிரித்த ஒரு பட்டியல். கலை, அறிவியல், அரசாங்கம் என்று படி இறங்கிப் போக வேண்டும். இருபது ஆண்டுகள் இருந்து 2014ல் அதை மூடிவிட்டார்கள். 1998ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருவர் தொடங்கிய கூகிள், வகைப்படுத்துகிற வேலையையே விட்டுவிட்டது. எந்தப் பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுகிற பக்கங்களின் மதிப்பு என்ன என்று கணக்கிட்டு வரிசைப்படுத்தியது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் மேற்கோள்களை எண்ணுகிற பழைய வழக்கத்தின் விரிவு அது. கூட்டம் கூடுகிற இடத்துக்கு மேலும் கூட்டம் போகும். சந்தா 200 பேர் உள்ள பத்திரிகையை இந்தக் கணக்கு எந்தப் பக்கத்தில் நிறுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழுக்கு இதைவிட அடிப்படையான தொல்லை ஒன்று இருந்தது. ஒவ்வொரு பத்திரிகையும், ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. திரையில் ‘அ’ என்று தெரிவது ஒவ்வொன்றிலும் உள்ளே வேறு வேறு எண். ஆகவே தமிழ் இணையத்தின் முதல் பத்தாண்டுகளில் எழுதப்பட்டதில் பெரும்பகுதியைக் கண்ணால் படிக்கலாம், தேடிக் கண்டெடுக்க முடியாது. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் ஸ்விட்ஸர்லாந்திலிருந்து தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களைக் கொண்டு பழைய நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றியது. அதுவும் முதலில் ஒரு குறியீட்டில் ஏறிப் பிறகு யூனிகோடுக்கு மாற வேண்டியிருந்தது. 1999ல் சென்னையில் மாநாடு கூடித் தரம் நிர்ணயித்தார்கள். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010ல். இடையில் நின்றுபோன தளங்கள் எவ்வளவோ. அவற்றில் இருந்தவை அழியவில்லை என்றாலும் அழிந்ததற்குச் சமம்.

யூனிகோடு வந்தபின் வேறு வேடிக்கை. மற்ற இந்திய மொழிகளோடு ஒரே சட்டத்தில் பொருத்தியதால் ‘ந’வுக்குப் பக்கத்திலேயே ‘ன’, ‘ர’வுக்குப் பக்கத்தில் ‘ற’, ‘வ’வுக்கு முன்னால் ‘ழ’. விவரம் தெரியாத இயந்திரத்திடம் அடுக்கச் சொன்னால் பவளத்துக்கு முன் பழம் வந்துவிடும். தனியே விதி எழுதித் திருத்த வேண்டும். நம் இலக்கணமும் சும்மா விடாது. தாம்பரம் என்று தேடினால் தாம்பரத்தில் இருப்பதும் தாம்பரத்திலிருந்து வந்ததும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் இயந்திரத்துக்குப் புலப்படாது. மகர மெய் போய் அத்துச் சாரியை வந்துவிட்டது அதற்குத் தெரியாது. ரங்கநாதன், இரங்கநாதன், அரங்கநாதன் மூவரும் வேறு வேறு ஆசாமிகள். இயந்திரங்கள் இதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டு வருகின்றன. ஆனால் கற்பிக்கிறவர்கள் யார், எதை வைத்து என்பது நம் கையில் இல்லை.

ரங்கநாதனின் முகங்கள் என்னவாயின? துணிக் கடைகளின் இணையப் பக்கங்களில் வாழ்கின்றன. பட்டு, நீலம், 5000 ரூபாய்க்குள், காஞ்சிபுரம் என்று இடது ஓரத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் குறுக்கிக்கொண்டு போகிறோமே, அது சீர்காழிக்காரரின் சிந்தனையின் கிளைதான். மேல்நாட்டு நூலகவியலார் அதை 1950களிலிருந்தே எடுத்துக்கொண்டு வளர்த்தார்கள். சேலை எடுக்க அது உதவுகிறது. கவிதை எடுக்க அதை இங்கு யாரும் பயன்படுத்தவில்லை. அசோக் நகரில் வளர்ந்தவர் 2015ல் கூகிளின் தலைமைக்கு வந்ததைத் தெற்குச் சென்னை முழுக்கப் பெருமையாகப் பேசினோம்.

தரமணியில், 2000த்தில் எழுந்த டைடல் பூங்காவின் கண்ணாடிச் சுவர்களுக்கு அதிக தூரமில்லாத ஒரு வளாகத்தில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ஒருவர் தன் வாழ்நாளெல்லாம் சேர்த்தவை. புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், அழைப்பிதழ் என்று 1 லட்சத்தை ஒட்டியவை. அவர் 1992ல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக் கழகம் 1994ல் வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்தது. முதலில் முகப்பேர், பிறகு தரமணி. இதில் ‘க்ரியா’ ராமகிருஷ்ணனின் பங்கை நாம் மறக்கக்கூடாது. ‘கசடதபற’வில் தொடங்கியவர். 1992ல் தற்காலத் தமிழ் அகராதியைக் கொண்டுவந்தவர். 2020ல் அதன் விரிவாக்கிய பதிப்பை மருத்துவமனையில் படுத்துக்கொண்டே வெளியிட்டுவிட்டுப் போனவர். சேகரிப்பதும் அடுக்குவதும் இலக்கியக் காரியம் என்று உணர்ந்திருந்த வெகு சிலரில் ஒருவர்.

அங்கேயும் மற்ற மின்நூலகங்களிலும் பழைய இதழ்கள் படம் படமாக ஏறிக்கொண்டிருக்கின்றன. நல்லது. படத்துக்குள் இருக்கும் எழுத்தை இயந்திரம் படித்துத் தந்தாலும், மங்கிய அச்சும் ஒடிந்த எழுத்தும் உள்ள சிறு பத்திரிகைத் தாளில் அது தடுமாறுகிறது. சொல்லைக் கொண்டு தேடுகிறவனுக்கு அந்தப் பக்கம் இல்லவே இல்லை. சில வருஷங்களாகக் கேள்விக்குப் பதிலையே தயாரித்துக் கொடுக்கிற இயந்திரங்கள் வேறு வந்திருக்கின்றன. அவற்றிடம் அலமாரி என்பதே கண்ணுக்குத் தெரிவதில்லை. பழையபடி வாசலில் சீட்டுக் கொடுத்துக் காத்திருக்கிறோம். அவற்றுக்கு ஊட்டப்படாத பக்கம் பற்றி அவை நிச்சயமான தொனியில் ஏதாவது சொல்லும்.

ஆகவே அட்டவணை செய்தாக வேண்டும், மனிதர்கள் உட்கார்ந்து. தலைப்பு, ஆசிரியர், இதழ், மாதம் என்ற நான்கு கட்டங்கள் எல்லோரும் போடுபவை. ஆசிரியர் பிறந்த ஆண்டு ரங்கநாதன் போட்டது. சிறு பத்திரிகைக்கு இன்னும் ஒரு கட்டம் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். எந்த நூலகத்திலும் நான் காணாதது. அது, யாருக்குப் பதிலாக எழுதப்பட்டது என்பது. க. நா. சு. ரசனையை முன்வைத்ததும் செல்லப்பா அலசலை முன்வைத்ததும் தனித்தனிக் கட்டுரைகளாகத் தொகுப்புகளில் கிடக்கின்றன. ஒன்றுக்கொன்று பதில் என்பது தொகுப்பில் உதிர்ந்துவிட்டது. எந்த இதழில் வந்ததற்கு எந்த இதழில் மறுப்பு, மறுப்புக்கு யார் கடிதம், கடிதத்துக்கு அடியில் ஆசிரியர் குறிப்பு என்ன என்று தொடுத்துக் கொண்டு போனால் 1912 என்ற ஒரே பலகையில் நிற்கும் அந்த இருவருக்கும் இடையில் எத்தனை பேர் நின்று பேசினார்கள் என்பது தெரியவரும். அவர்களில் பலருக்குப் புத்தகமே கிடையாது. வாசகர் கடிதப் பகுதியில் இரண்டு தடவை வந்து போனவர்கள்.